கட்டிவைத்த குட்டி

பேருந்தில் யாரோ வைத்திருந்த மிளகு மூட்டை மணத்ததும், கொல்லிமலையில், இன்று சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் குதிரைக் கொட்டில் நினைவுக்கு வந்தது. அப்பா மட்டக்குதிரைகள் வளர்த்தார். மிளகு சுமந்து சந்தைக்கு இறங்கும் தாய்க்குதிரை வழியில் நிற்காமல் திரும்பவேண்டுமென்று குட்டியைக் கொட்டிலிலேயே கட்டிவைப்பார், குட்டி தொண்டை வற்றக் கனைத்துக்கொண்டே கிடக்கும், சாயங்காலம் தாய் பால் சொட்டச் சொட்ட மேடேறி ஓடிவரும்.

“பாத்தீங்களா, சாட்டையே வேண்டாமுங்க,” என்பார் அப்பா.

“கெட்டிக்காரருங்க நீங்க!” என்று மிளகு வியாபாரி சிரிப்பார்.

அந்த வருமானத்தில் படித்தவள் கோபப்படலாமா, தெரியவில்லை. ஆனால் கோபம் வருகிறது. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பிய என்னிடம் இன்று மேலாளர், “குழந்த பொறந்ததுக்கப்புறம் டாண்ணு வேலைய முடிச்சுட்டு ஓடறீங்களே, சபாஷுங்க!” என்றார். நனைந்த ரவிக்கையைக் கோப்பால் மறைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க சார்” என்றேன்.