பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்த இடம்

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு பத்துக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்து ஏறினேன். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். நான் அருங்காட்சியகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சிலைகளுக்குக் கீழே இருக்கும் விவர அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. ஒவ்வொரு கோடையிலும் நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சிறு ஊர்களில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளைப் பார்க்கப் போவேன். இந்த வருடம் போடி.

உசிலம்பட்டி தாண்டும்வரை காலையிலேயே புழுக்கம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கியதும் காற்று மாறியது. தூரத்தில் மேற்கு மலை நீலமாகத் தெரிந்தது. எட்டேகாலுக்குத் தேனி. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போடிக்கு வேறு பேருந்து பிடித்தேன். பக்கத்து இருக்கையில் போடிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எதற்கு வந்தேன் என்று விசாரித்தார்.

“ஜீப்பு படத்தப் பாக்க வந்தீகளா? ரெண்டு நாளா எங்க தெருவுல அதே பேச்சுதான். எங்க வீட்டுலயும் போய்ப் பாத்துட்டு வந்தாக. வந்து சோறு திங்கல.”

கண்காட்சி நடந்தது ஒரு பழைய ஏலக்காய்க் கிடங்கில். சரக்கு இல்லாமல் பல வருடம் ஆகியும் சுவரில் ஏலக்காய் வாசம் போகவில்லை. கிடங்கு எஸ்தர் டீச்சரின் குடும்பத்துக்குச் சொந்தம். அவர் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறார். ஐம்பது வயது இருக்கும். கோடை விடுமுறையில் பத்து நாள் கிடங்கைச் சுத்தம் செய்து, வட்டாரத்தில் வரைகிறவர்களின் படங்களை மாட்டுகிறார். சின்னமனூர்த் திராட்சைப் பந்தல், மேகமலைத் தேயிலைச் சரிவு, வருசநாட்டு மாடுகள் என்று நாற்பது படங்கள் இருந்தன. நல்ல படங்கள்தான். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கடைசிச் சுவருக்குத்தான் போனார்கள்.

அங்கே எட்டடி அகலத்தில் டீச்சர் வரைந்த படம். விடியலுக்கு முன், பின்பக்கம் திறந்த ஜீப். உள்ளே எதிரெதிர் பலகைகள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளியுடன் நான்கு பெண்கள். மற்ற இடங்கள் காலி. ஆறு வருடத்துக்கு முன் ஏலத்தோட்ட வேலைக்குப் பதினோரு பெண்களை ஏற்றிப்போன ஜீப் மலை வளைவில் கவிழ்ந்தது. இறந்த நால்வரை, வீட்டார் கொடுத்த புகைப்படங்களைப் பார்த்து டீச்சர் வரைந்திருந்தார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பிழைத்தவர்களிடம் கேட்டுக் குறித்திருந்தார். நான் வெகுநேரம் நின்றேன். அன்றைக்கே கிளம்ப நினைத்தவன், ஒரு விடுதியில் அறுநூறு ரூபாய்க்கு அறை எடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, நால்வரின் குடும்பங்களையும் டீச்சர் அழைத்திருந்தார். மதியத்துக்குள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். கருப்பையா மட்டும் போகவில்லை. சிலமலைப் பக்கத்துக்காரர். படத்தில் ஓட்டுநருக்குப் பின்னால், உள்ளடங்கி உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் அவர் மனைவி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு, இடது காலைச் சற்று இழுத்தபடி ஒரு பெண் வந்தார். ராசாத்தி. அந்த ஜீப்பில் போய்ப் பிழைத்த ஏழு பேரில் ஒருவர். படத்தின் முன் நின்றார். பிறகு டீச்சரிடம் வந்தார்.

“இது தப்பு டீச்சர்.”

“முகம் சரியா வரலயா?”

“முகம் அவளேதான். உக்காந்த எடம் தப்பு.”

டீச்சர் தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். “நீங்கதானம்மா சொன்னீக, பேச்சியம்மா உள்ள, நீங்க ஓரத்துலன்னு.”

“நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்.”

கருப்பையா தலையைத் திருப்பினார். ராசாத்தி அவரைப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே பேசினார்.

“எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். பின்னாடி ஓரம் என் எடம். காத்து அடிக்குது, நீ இங்கன வாடின்னு கேட்டேன். மறு பேச்சு பேசாம மாறி உக்காந்தா. இருட்டுல வேற யாரும் கவனிக்கல. வண்டி பின்னாடி சரிஞ்சு விழுந்தது அந்த ஓரத்து மேலதான். ஆசுபத்திரியில போலீசு வந்து கேட்டாக. நான் ஓரத்துல இருந்தேன், அவ உள்ள இருந்தான்னு வாயில வந்துருச்சு. ஓரத்துல இருந்தவ பொழச்சா, உள்ள இருந்தவ போயிட்டான்னு ஊரே விதின்னுச்சு. நானும் ஆமான்னுட்டேன். இப்ப படத்துலயும் அப்படியே எழுதி மாட்டியிருக்கு. இனிமே இதுதான நெசம்னு ஆயிரும்?”

கருப்பையா எழுந்து வெளியே போனார். செருப்பைக்கூடப் போடவில்லை. வெயிலில் தெருவோரம் நின்றார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ராசாத்தி சுவரில் கைவைத்தபடி நின்றார். டீச்சர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அவர் உட்காரவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கருப்பையா உள்ளே வந்தார்.

“காய்ச்சல் உனக்கா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“அன்னைக்கு மலையடியில முந்தல் செக்போஸ்ட்ல வண்டி நிக்கும்போது அவ எனக்குப் போன் போட்டா. சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் மாத்திரை நாலு வாங்கி வையின்னா. யாருக்குன்னு கேக்கல. அவளுக்குத்தான்னு நெனச்சேன். காய்ச்சலோட வேலைக்கு அனுப்பிட்டமேன்னு ஆறு வருசமா எனக்கு ஒரே நெனப்பு.”

ராசாத்தி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். கருப்பையா கோபித்திருந்தால் ராசாத்தி தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். மெல்லத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கருப்பையா அவரைத் தேற்றவில்லை. இரண்டடி தள்ளித் தானும் உட்கார்ந்து காத்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் டீச்சரிடம் சொன்னார்:

“அவள ஓரத்துக்கு மாத்திருங்க. இந்தத் தாயியையும் உள்ள உக்கார வச்சிருங்க.”

டீச்சர் தயங்கினார். “உசுரோட இருக்கவுகள எப்படிண்ணே இவுகளோட சேர்த்து வரையுறது?”

“அன்னைக்கு ஏறும்போது எல்லாரும் உசுரோடதான ஏறுனாக?”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, இரண்டு பெஞ்சுகளின் மேல் சாய்த்து வைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். உள்பக்கத்துப் பேச்சியம்மாளைப் பார்த்து ஓரத்தில் அப்படியே இன்னொரு முகம் எழுத டீச்சருக்கு நாலு மணி நேரம் ஆனது. அதன்பின் பழைய முகத்தை மறைக்க வேண்டும். சாம்பல் வண்ணத்தைக் குழைத்துத் தூரிகையை எடுத்தவர், அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பையா வெளியே போய்விட்டார். ராசாத்தி போகவில்லை.

“பூசுங்க டீச்சர்,” என்றார். “அவ அங்கன இல்ல.”

மூன்று பூச்சில் அந்த முகம் போனது. அது காய்ந்ததும் ராசாத்தியை ஸ்டூலில் உட்கார வைத்து வரையத் தொடங்கினார். ஆறு வருடத்துக்கு முந்தைய வயதுக்கு வரையவா என்று கேட்டதற்கு, இப்போது இருக்கிறபடியே எழுதச் சொன்னார் ராசாத்தி. அதனால் படத்தில் மற்ற நால்வருக்கும் துண்டுக்கு வெளியே தெரியும் முடி கறுப்பு. அவருக்கு மட்டும் அதில் நரை. பிழைத்த மற்ற ஆறு பேரிடமும் போய்க் கேட்கப்போவதாக டீச்சர் சொன்னார். சம்மதித்தவர்களுக்கு அவரவர் இடம் இருக்கிறது.

மாலை ஐந்தரைக்குப் படம் மறுபடி சுவரேறியது. கருப்பையா உள்ளே வந்து, ஓரத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு ராசாத்தியிடம், “கடைசி பஸ்ஸு போயிரும், வா ஆத்தா,” என்றார். இரண்டு பேரும் பேருந்து நிலையம் நோக்கி நடந்தார்கள். ராசாத்தியின் காலுக்காக அவர் மெதுவாக நடந்தார்.

திங்கட்கிழமை காலை தேனி, மதுரை வழியாக ஊர் திரும்பினேன். எங்கள் ஊர் சமவெளி. எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் தென்னையும்தான். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். இரண்டாவது கூடத்தில் ஒரு கற்சிலை இருக்கிறது. நிற்கும் பெண்; வலது கை உடைந்தது. அதற்கு ‘பெண் உருவம், பெயர் தெரியவில்லை’ என்று அட்டை எழுதியவன் நான். பல வருடமாகத் தினமும் அவளைக் கடந்துதான் என் மேசைக்குப் போகிறேன். அன்று நின்றேன். அவளோடு பேசியவர்கள், அவளோடு ஒரு வண்டியில் போனவர்கள் எல்லோரும் போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. நான் என்ன எழுதினாலும், இது தப்பு என்று சொல்ல இனி யாரும் வரப்போவதில்லை.