கோழிக்குப் பக்கத்தில் வைத்த பயற்றங்காய்

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா நேர்ந்திருந்தாள். முழங்காலில் அறுவை செய்த பிறகு அவளால் இன்னும் சந்தைக்கு நடக்க முடியவில்லை; பூசத்துக்குள் தேறிவிடும் என்றிருந்தாள். மச்சானுக்குக் காய் பார்த்து வாங்கத் தெரியாது. ஜார்ஜ் டவுனில் என் வாடகை அறைக்குப் பின்னால் இருந்த சந்தில், பெயின்ட் வாளிகளில் நான் போட்ட பயற்றங்காயும் வெண்டையும் ஒரே நேரத்தில் காய்த்துத் தள்ளின. ஜோகூருக்கு வேலைக்குப் போக இன்னும் ஐந்து நாள்தான். அக்கா வீட்டுக்கு எப்போதும் வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவன் நான். இந்த ஒரு தடவை, அவள் விரதம் முடியும்வரை சமைக்கக் காய் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன்.

பள்ளியைப் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு விட்டாலும், கேமரன் மலையில் ஒரு ஹோட்டலில் எட்டு மாதம் காய் நறுக்கி, உறைய வைக்கப் பழகியிருக்கிறேன். கொதிநீரில் இரண்டு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், பிறகு துணியில் பரப்பி ஈரம் போக்கி, காற்றில்லாமல் பையில் கட்ட வேண்டும். அங்கே அதற்குப் பெரிய தொட்டி இருந்தது. எனக்கு இருந்தது ஒரு ரைஸ் குக்கரும் குளியலறை வாளியும். காயைப் போட்டதும் கொதி அடங்கிவிட்டது. மறுபடி கொதிப்பதற்குள் பயற்றங்காய் குழைந்தது. வெண்டையை நறுக்கிவிட்டுத் தண்ணீரில் போட்டேன். வாளி முழுக்கக் கொழகொழவென்று ஆனது. அவ்வளவையும் கொட்டிவிட்டு, கைப்பிடி கைப்பிடியாக, வெண்டையை முழுசாகவே போட்டு எடுத்தேன். இரண்டு நாளில் பதினான்கு பை.

வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். தன் ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"ஓரமா வச்சுக்க தம்பி. கோழிய நகத்திட்டேன்."

மூன்றாம் நாள் பைகளை ஐஸ் போட்ட நுரைப் பெட்டியில் அடுக்கி, ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பேருந்து பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன்.

அக்கா ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல பச்சையா இருக்கே. எங்க வச்சி ஐஸ் ஆக்கினே?"

"இருக்கற வீட்டுலதான்."

"கடைக்காரர் வீட்டுலயா? அங்க கோழி இருக்குமே?"

ஒரு பொய் போதும். எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். அவளிடம் வரவில்லை.

"இருந்துச்சி. ஓரமாத்தான் வச்சேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "நேத்துதான் ஃபிரிட்ஜ கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சேன். ஊரெல்லாம் சுத்துறே, இது தெரியலையா ஒனக்கு?"

"கட்டின பைதானேக்கா. கோழி முடிச்ச அவுத்து உள்ள வந்துச்சா?"

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல."

தெரியாதவன் இல்லை நான். விரதத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். நிமிடக் கணக்கும் ஐஸ் கணக்கும் பார்த்த இரண்டு நாளில் இது ஒன்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. அதை நினைக்க நினைக்க எரிச்சலாக இருந்தது.

பெட்டி மூலையில் தண்ணீர் கசியத் தொடங்கியது. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. அக்கா வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுச் சீனத்தியைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு பைகளைக் கொடுத்தாள். அந்த அம்மாள் திரும்பத் திரும்ப நன்றி சொன்னது எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. மீதி இரண்டு பையைப் பின்கட்டில், விரதத்தில் தொடாமல் ஒதுக்கிவைத்திருந்த பழைய கறிச் சட்டியில், வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பிரட்டி என் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு. பசியோட வந்திருப்பே."

அவள் காலை நீட்டிப் படியில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ஒன் மொகத்தப் பாத்தாலே தெரியுது," என்றாள்.

ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். வேறு யார் சாப்பிடுவது? மச்சான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.