மூன்றாவது போதும்

எங்கள் வீட்டில் 'போதும்' என்ற சொல்லுக்கு முதல் இரண்டு தடவை மதிப்பே கிடையாது. முதல் போதும் மரியாதைக்கு. இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவது தடவை தட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு சொன்னால்தான் நிஜமாகவே வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னால் கரண்டியைக் கீழே வைப்பவள் வீட்டுக்காரியே இல்லை. ரங்கூனில் எங்கள் தமிழ் முஸ்லிம் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் இதுதான் சட்டம். ஆனால் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரியும்? அதை யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டுகிறார். ஒரு காலத்தில் பகோடா பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவர். இப்போது அந்தக் கூட்டம் இல்லை. கல்யாணமோ மய்யித்து அடக்கமோ, எது கிடைத்தாலும் போகிறார். அப்படித்தான் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டியை ஹோட்டலுக்கும் தியேட்டருக்கும் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. அவர்களை யார் கூப்பிட்டார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெருவில் ஆளுக்கொரு பேச்சு. எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: டீசல் கிடைக்குமா கிடைக்காதா.

கச்சேரி அன்று மத்தியானம். கியாக்டடா பேட்டையில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. படியில் நிறையக் காலடிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். முன்னால் இவர், பின்னால் மூன்று பேர்.

"புள்ள, வெருந்தாளி வந்திருக்காங்க. சோறு இருக்கா?"

"வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு இருக்கான்னு கேக்குறீங்களே! இல்லைன்னா திருப்பி அனுப்பிருவீங்களா?"

"ஹோட்டல் ரொட்டியத் தின்னு நாக்கு செத்துப்போச்சாம். பாவமா இருந்துச்சு."

பாவமாம். மனுஷனுக்கு ஊர் முழுக்கப் பாவம். ஒரு போன் போட்டுச் சொல்ல மட்டும் முடியாது. ஆனாலும் சோறு இருந்தது. இரண்டு பேருக்கென்று நான் ஆக்குகிற சோறு ஆறு பேருக்கு வரும். பெரியவன் மலேசியாவில், நடுவுலவன் பாங்காக்கில், மகள் சிங்கப்பூரில். பிள்ளைகள் போய்விட்டார்கள், என் கை மட்டும் இன்னும் சின்னதாகவில்லை. மிச்சத்தைக் காக்கைக்கும் நாய்க்கும் போட்டு வருகிறேன். இவர் ஆட்களைக் கூட்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டார், திருடர்.

வந்தவர்களில் ஒருவர் கதவு நிறைந்த ஆள், ஆளுயரப் பெரிய பிடில் வாசிப்பவர். இன்னொருத்தி ரஷ்ய மொழி படித்த பர்மியப் பெண், அவர்கள் பேசுவதை எங்களுக்குச் சொல்வதற்காக வந்தவள். மூன்றாவதாக வந்தவள்தான் அந்தப் பெண். என் மகள் வயது இருக்கும். வெளுத்த முகம், மூக்கின்மேல் பொடிப்பொடியாகப் புள்ளி. கையில் ஒரு சின்னப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாயை விரித்து நெய்ச்சோறு, கறியானம், பருப்பு எல்லாம் வைத்தேன். அந்தப் பெண் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து, "பிஸ்மில்லா" என்றாள்.

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. "ஏம்மா, இந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?" என்று பர்மியப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஆன்ட்டி, இவங்க ரஷ்யாவிலேயே தாத்தார்னு ஒரு ஜனம். உங்க மாதிரி முஸ்லிம்தான். இன்னைக்குக் கச்சேரியில ரஷ்யப் பாட்டு பாதி, இவங்க ஊர்ப் பாட்டு பாதி."

அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் பிறந்த ஒருத்தி, என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து என் வாயில் வருகிற அதே வார்த்தையைச் சொல்லிச் சோற்றில் கை வைக்கிறாள் என்றால் சும்மா விட முடியுமா? உள்ளே போய்ப் பலாச்சான் பாட்டிலை எடுத்து வந்தேன். காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வறுத்தது. பர்மியர்கள் பண்டம்தான், ஆனால் என் கைப்பக்குவத்துக்கு பர்மியக்காரிகளே பாட்டிலோடு வந்து நிற்பார்கள். மிளகாயில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

முதல் கரண்டி போட்டேன். சாப்பிட்டாள். கண் விரிந்தது. சிரித்தாள். இரண்டாவது கரண்டியைத் தூக்கியதும் கையை ஆட்டி ஏதோ சொன்னாள்.

"போதுமாம் ஆன்ட்டி."

"மொதல் போதும்தானே," என்று போட்டேன்.

மறுபடியும் கையை ஆட்டினாள். இவரும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "வெக்கப்படுது, நீ வையி புள்ள," என்றார். வைத்தேன். மூன்றாவது போதும் வரவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, பெரியவர்கள் போட்டதை மிச்சம் வைப்பது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவாம். நாங்கள் விடாமல் போடுகிற சாதி, அவர்கள் விடாமல் தின்கிற சாதி. இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? விரலைக்கூடச் சப்பிச் சாப்பிட்டாள். முடித்ததும் இரண்டு கையையும் ஏந்தி அல்லாவை வேண்டி, முகத்தில் தடவிக்கொண்டாள், நாங்கள் செய்வதைப் போலவே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் கண்ணிலும் வந்தது. அது வேறு தண்ணீர்.

உதடு சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்தது. பர்மியப் பெண் பதறிப்போய் அவளிடம் ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இவங்க வாசிக்கிறது உதட்டால."

பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கறுப்பாக, ஒல்லியாக ஒரு குழல். ஓபோ என்று பெயராம். நுனியில் நாதஸ்வரத்துக்கு இருப்பதுபோல் சின்னதாகச் சீவாளி. அதை உதட்டில் வைத்து இறுக்கிப் பிடித்தால்தான் சத்தம் வரும். அந்தப் பெண் உதட்டை உள்ளே மடக்கி ஊதிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. பிறகு கோழி கூவப்போய் நிறுத்தியதுபோல் ஒரு கீச்.

மிச்சக் கதையைப் பர்மியப் பெண் சொன்னாள். ஓபோ வாசிக்கிறவர்களில் இந்தப் பெண் எப்போதும் இரண்டாவது நாற்காலிக்காரிதான். முதல் நாற்காலிக்காரர் காய்ச்சலில் ஹோட்டலில் படுத்துக்கிடக்கிறார். அதனால் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்த இடம் இவளுக்கு. தாத்தார்ப் பாட்டு ஒன்றில் எல்லா வாத்தியமும் வாயை மூடிக்கொள்ள, இவள் தனியாக வாசிக்க வேண்டும். அவள் ஊர்ப் பாட்டு, அவளைப் பெற்ற உம்மா பாடுகிற பாட்டு. போனில் பிடித்து அனுப்பச் சொல்லி உம்மா அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்.

யா அல்லா!

"நீங்கதானே வையி வையின்னீங்க!" என்று இவர்மேல் பாய்ந்தேன்.

"கரண்டி யாரு கையில இருந்துச்சு?"

"கூட்டிட்டு வந்தது யாரு?"

அந்தப் பெரிய பிடில்காரர் இத்தனைக்கும் நடுவில் முகமெல்லாம் வியர்வை ஓட, பலாச்சானை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கென்ன, அவர் வாசிப்பது கையால்.

பிரிட்ஜைத் திறந்தால் அலமாரிதான். காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஐஸுக்கு எங்கே போக? தயிரைக் கொடுத்தேன், வாயில் வைத்துக்கொண்டாள். பனைவெல்லம் கொடுத்தேன், சப்பினாள். நெய்யைத் தொட்டு உதட்டில் தடவப் போனேன், பெட்டியை அணைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். நெய் பட்டால் சீவாளி வழுக்குமாம். எனக்கு என்ன தெரியும்? பால்கனிக்கு ஓடி, கீழே கரும்புச்சாறு விற்கிறவனைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டு பால்கனியிலிருந்தும் கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். கறிகாய், பேப்பர் எல்லாம் அதில்தான் மேலே ஏறும். அன்றைக்கு ஒரு பை ஐஸ் சொட்டச் சொட்ட மேலே ஏறியது. அதைத் துணியில் கட்டி அந்தப் பெண்ணின் உதட்டில் நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பார்கள். நான் ஊரார் பிள்ளையின் வாயையே வேகவைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் இங்கே ராத்திரிக் கச்சேரி கிடையாது. ஊர் இருக்கிற நிலைமையில் இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு சேர வேண்டும் என்று வெயில் தாழ்ந்ததுமே தொடங்கிவிட்டார்கள். இவருக்குக் கொடுத்த இரண்டு டிக்கெட்டில் மாடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அந்தப் பர்மியப் பெண். கொண்டைப் பூவும் பட்டுத் தமெயின் கைலியுமாகக் கீழே கூட்டம். மேடையில் அவ்வளவு பேர் கறுப்புக் கோட்டில். எனக்கு ஒரே ஒருத்தியின் உதட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, அதுவோ அத்தனை தூரத்தில்.

"உதடு ஒத்துக்கலைன்னா அந்தத் தனி வாசிப்பை புல்லாங்குழல்காரர் எடுத்துக்குவாராம். தயாரா இருக்கச் சொல்லியிருக்காங்க," என்றாள் பர்மியப் பெண்.

தொடங்குவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் சுருதி சேர்க்க வேண்டும். அந்த ஒற்றைச் சுருதியைக் கொடுப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? இவளேதான். தியேட்டரே அமைதியானது. குழலை உதட்டில் வைத்தாள். முதலில் நூல்போல நடுங்கி வந்தது. பிறகு நேரானது. பிடில்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன.

"நான் சொன்னேன்ல," என்றார் இவர்.

"என்ன சொன்னீங்க? ஒண்ணும் சொல்லலை. சும்மா இருங்க."

ரஷ்யப் பாட்டுகள் வந்தன. சிலது இடி மாதிரி, சிலது தாலாட்டு மாதிரி. தாலாட்டில் இவர் தூங்கிவிட்டார், தொடையில் கிள்ளி எழுப்பினேன். நல்ல சங்கீதம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் எதையும் கேட்கவில்லை. அல்லாவின் பேரைச் சொல்லி விரலில் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு தாத்தார்ப் பாட்டு. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, தூரம் போய்விட்டவர்களைக் கூப்பிடுகிற பாட்டு அது என்று பர்மியப் பெண் காதில் சொன்னாள். பிடில்கள் மெல்ல மெல்ல அடங்கின. கடைசியில் சத்தமே இல்லை. புல்லாங்குழல்காரர் குழலை வாயருகே தூக்கினார். இவளும் தூக்கினாள்.

இவள்தான் ஊதினாள்.

எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அது தெரியாத பாட்டாக இல்லை. முன் வரிசையில் ஒரு பர்மியக் கிழவர் தலையை ஆட்டத் தொடங்கினார். "நம்ம ஊர்ப் பாட்டு மாதிரியே இருக்கே ஆன்ட்டி," என்றாள் பக்கத்தில் இருந்தவள். பாட்டு ஏறி, ஏறி, ஓர் இடத்தில் சத்தம் உடைந்தது. மத்தியானம் கேட்ட அதே கீச். இறங்கியிருந்த புல்லாங்குழல் மறுபடியும் மேலே வந்தது. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. மூச்சை இழுத்தாள். உடைந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கி, மேலே போய், அங்கேயே நின்றாள். அவ்வளவு நேரம் ஒரு மனுஷியால் மூச்சு விடாமல் இருக்க முடியுமா? நானும் விடவில்லை. என் மூன்று பிள்ளைகளையும் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அழுதேன். அழுதேன் என்று சொல்வதில் என்ன வெட்கம்?

புல்லாங்குழல்காரர் குழலை மடியில் வைத்துவிட்டார்.

கச்சேரி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் கீழே வாசலில் காத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். உதடு இன்னும் தடித்துத்தான் இருந்தது, அதோடு ஒரு சிரிப்பு. யாரோ போனில் பிடித்ததை உம்மாவுக்கு அனுப்பிவிட்டாளாம், உம்மா அங்கே அழுகிறாராம். பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். மாவைச் சின்னச் சின்னதாகப் பொரித்துத் தேனில் புரட்டின பண்டம். வழிக்கென்று அவள் உம்மா செய்து கொடுத்தது. தீர்ந்துபோய் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து நேரே என் வாயில் வைத்தாள். நல்ல இனிப்பு.

"போதும்மா," என்றேன்.

அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் ஏதோ திருட்டுச் சிரிப்புச் சிரித்தார். மத்தியானம் அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோய் விட்டபோதே வேனில் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தடித்த உதட்டால் திக்கித் திக்கி, "இன்னும் கொஞ்சம்," என்று அடுத்த துண்டை வைத்தாள்.

"போதும்," என்றேன் மறுபடியும், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம்."

வேன் நிறைய ஜனங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேன் என் முகவாயில் ஒழுகியது. நான் எத்தனை பேருக்கு ஊட்டியிருக்கிறேன்! எனக்கு ஒருத்தி ஊட்டி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் கையை நீட்டினாள்.

மூன்றாவது போதும் நான் சொல்லவில்லை.