மலக்கி கடையில் ஹாலோவீன்

கத்தரிக்கோலைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிவிட்டு, கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்கைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்தார் மலக்கி டார்ப்பி. செத்தவர்கள் வீடு தேடி வருவதாகச் சொல்லப்படும் ஹாலோவீன் அன்று பொழுது சாய்ந்தபின் அவர் யாருக்கும் முடி வெட்டுவதில்லை. "முடி நாளைக்கும் வளரும். பேய் இன்னைக்குத்தான் வரும்" என்பார்.

அயர்லாந்தின் ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு முடிதிருத்துபவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பிடித்த எழுத்தாளரும் ஒருவர்தான்: யூனிஸ் ப்ரெஹனி. பக்கத்து ஊரில் பிறந்து, வாழ்நாளெல்லாம் பேய்க் கதைகளே எழுதி, எப்போதோ போய்ச் சேர்ந்தவர். மலக்கிக்கு அவர் 'எங்க யூனிஸ்', ஏதோ ஒன்றுவிட்ட அக்காள் மாதிரி. ஆண்டுதோறும் இந்த நாளில் அவருடைய கதை ஒன்றைக் கடையில் உரக்கப் படிப்பார். கேட்பவர்கள் வெண்ணெய் தடவிய பழரொட்டியைத் தின்ன மறந்து உட்கார்ந்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மலக்கி மகா பயந்தாங்கொள்ளி. கொல்லைப்புறத்து நிலக்கரியை வெளிச்சம் இருக்கும்போதே அள்ளி வந்துவிடுவார். கதையில் பேய் வரும் இடத்தில் அவர் குரலே கம்மிவிடும்.

"ஏம்ப்பா, படிக்கிற நீயே இப்படி வெடவெடன்னு நடுங்கினா நாங்க எப்பப் பயப்படறது?" என்று சீண்டுவார் கறிக்கடை கான் டான்சி.

"பயப்படாதவன் படிச்சா அது பேய்க் கதை இல்லப்பா. பேப்பர்ல வர்ற வானிலை அறிக்கை."

பழரொட்டிக்குள் ஒரு மோதிரம் வைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் கேட்கும் கதைதான் அன்றைக்கு. இந்த ஆண்டு அது பிரீஜ் கான்லனின் துண்டில் வந்தது. மோதிரம் கிடைத்தவருக்குச் சீக்கிரம் கல்யாணம் என்பது ஊர்ப் பேச்சு. கான் கேலிக்கு வாயைத் திறந்தார். பிரீஜின் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைத் திணித்துக்கொண்டார். அவளுடைய கணவன் உல்டன் அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தான்.

"கதவு தட்டுறவன் கதையைப் படி, மலக்கி."

"அது வேண்டாமே, பிரீஜ். அந்தப் பன்னிக் கதை இருக்கே, சிரிச்சுக்கிட்டே பயப்படலாம்."

"மோதிரம் எங்கிட்ட இருக்கு."

மலக்கி படிக்கத் தொடங்கினார். செத்துப்போன கணவன் ஹாலோவீன் இரவில் தன் வீட்டைத் தேடி வரும் கதை. அவன் வாசலை நெருங்கியதும் மலக்கியின் விரல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியது.

"பக்கத்தைத் தாண்டிட்ட" என்றாள் பிரீஜ்.

"தாள் ஒட்டிக்கிச்சு."

"ஒட்டல. இந்தக் கதையை எத்தனை வருஷமா உல்டன் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். அவன் கதவைத் தட்டட்டும், மலக்கி."

மலக்கி பின்னால் புரட்டினார். கதையில் அவன் தட்டினான். குளிருது, திற என்றான். உள்ளே மனைவி போர்வைக்குள் சுருண்டு, காதைப் பொத்திக்கொண்டாள்.

"பைத்தியக்காரி" என்றாள் பிரீஜ், தனக்குத்தானே சொல்வதுபோல. "திறந்தா என்ன?"

தெருவில் நன்றாக இருட்டியிருந்தது. மலக்கி புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி எழுந்து போய், கடைக் கதவின் தாழை நீக்கி, அதை அகலத் திறந்து வைத்தார். பிறகு திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து படித்தார்.