ஒட்டாது என்று ஒரு வரி

அவரை நான் முதன்முதலில் பார்த்தது, நான் வேலை பார்த்த தோல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது. இரண்டு கைகளையும் எதன்மேலும் படாமல் வயிற்றுக்கு முன்னால் ஏந்திப் பிடித்திருந்தார். விரல் முட்டிகளில் தோல் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. உள்ளங்கை ஓரங்களில் நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அவர் வந்து உட்கார்ந்ததும் அடுத்த நாற்காலியில் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து எதிர்வரிசைக்கே போய்விட்டாள். அவளும் தோலுக்குக் காட்ட வந்தவள்தான். அவர் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பே இரண்டு முறை அவரோடு தொலைபேசியில் பேசியிருந்தேன். அந்த மருத்துவமனையில் எனக்கு அதுதான் வேலை. பி.காம். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. அப்பா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "மக ஆஸ்பத்திரியில வேல பாக்கா" என்று எல்லாரிடமும் சொல்லுவார். கேட்டவர்கள் நர்சு என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நான் மருந்துக்கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, வந்துபோன நோயாளிகளை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, திருப்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து கேள்விகள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கடைசிக் கேள்வி, "உங்கள் எதிர்பார்ப்பு நிறைவேறியதா?"

டாக்டர் பார்க்கும் விதத்தை, கோப்பு கொடுக்க உள்ளே போகும்போது நான் கண்டிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்தபடியே இருப்பார். நோயாளி சட்டையைத் தூக்கியோ கையை நீட்டியோ காட்ட வேண்டும். செல்போன் விளக்கை எட்ட இருந்தே அடித்துப் பார்ப்பார். விரல் படாது. "பாத்தாச்சு, எழுதித் தாரேன்." அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முகத்தைப் பளபளப்பாக்கும் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வேறு அறை, வேறு சோபா, குடிக்க ஏதாவது.

அந்த மனிதரை நான் முதல்முறை போனில் கூப்பிட்டபோது, "காத்திருந்த நேரம் எப்படி இருந்தது சார்?" என்று ஆரம்பித்தேன்.

"சாரெல்லாம் வேண்டாம் தாயி, அண்ணாச்சின்னு கூப்பிடு. காத்துக் கெடந்தது ரெண்டரை மணி நேரம். அதுக்கு நீயே ஒரு நம்பரப் போட்டுக்கோ."

கடைசிக் கேள்விக்கு வந்தேன். எதிர்பார்ப்பு நிறைவேறியதா?

"என் எதிர்பார்ப்பு என்னன்னு அங்கன யாரு கேட்டா?"

என்ன எதிர்பார்ப்பு என்று கேட்கச் சொல்லி என் தாளில் இல்லை. ஆனாலும் கேட்டேன். அவர் சொன்னார். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் திரவத்தில் முக்கிக் கழுவும் வேலை. கையுறை கிழிந்துவிட்டால் அடுத்தது சீக்கிரம் கிடைக்காது. கை இப்படி ஆகி ஒரு வருஷம். ஏரலில் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் மூத்த பிள்ளைக்கு அடுத்த மாதம் காது குத்து. தாய்மாமன் இவர் ஒருவர்தான். பிள்ளை இவர் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கச்சி கூப்பிட்டு, "அண்ணே, டாக்டர்ட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வா. எங்க வீட்டுல எல்லாரும் பயப்படுதாவ" என்று சொல்லியிருக்கிறாள்.

"இது ஒட்டாதுன்னு ஒரு வரி தாயி. கையி கொணமாகுறது பைய ஆகட்டும். அந்த ஒரு வரிக்குத்தான் நான் வந்தேன். டாக்டர்ட்ட கேட்டேன், அடுத்த தடவ பாப்போம்னாரு. வெளிய இருந்த பிள்ள, அப்படியெல்லாம் இங்க எழுதித் தர மாட்டோம்னு சொல்லிட்டு."

ஒட்டாதுதானே என்று அவர் என்னிடமே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. மேனேஜரிடம்தான் போனேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏம்மா, கொறை எழுதவா ஒன்ன வச்சிருக்கு? சராசரி கீழ போனா டாக்டர் என்னையத்தான் கேப்பாரு. அஞ்சு போடு. அப்படியே நல்லதா நாலு வார்த்த எழுது, வரவேற்பறை டி.வி.யில போடணும்" என்றார்.

நான் ஐந்து போட்டேன். நல்லதாக நான்கு வார்த்தையும் எழுதினேன். 'என் எதிர்பார்ப்புக்கும் மேலாகவே கவனித்துக்கொண்டார்கள்.' தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் அல்லவா, எழுத்துப்பிழைகூட இல்லை. இன்றைக்கும் அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது முறை அவரைக் கூப்பிட்டது, மருந்து முடிந்தவர்களை விசாரிக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்ததால். காது குத்து முடிந்திருந்தது.

"எங்க சித்தப்பா மவன் மடியில வச்சுக் குத்திட்டாவ. நான் கோவிலுக்கு வெளிய வேப்பமரத்துக்கிட்ட நின்னேன். பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு." பிறகு, "இதுக்கு எத்தன போடுவ தாயி?" என்றார்.

குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்கும் ஐந்துதான் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பட்டியல் வாங்க வரவேற்பு மேஜைக்கு வந்திருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் இவர்தான் அவர் என்று தெரிந்தது. எழுந்து வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மேலே டி.வி.யில் அவர் பெயரும் ஊரும், கீழே என் வாக்கியமும், பக்கத்தில் ஐந்து மஞ்சள் நட்சத்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இது யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் சொல்லியிருப்பிய" என்றாள் மேஜையில் இருந்தவள்.

"நான் சொல்லலியே."

"போன்ல சொல்லியிருப்பிய."

"போன்ல பேசுத பிள்ள எது?"

அவள் என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இரண்டு எட்டு தூரம்தான். வாயைத் திறந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டார். எதிர்வரிசையில் இருந்த பெண் பழைய நாற்காலிக்கு வரவில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலியை மேனேஜர் ஆள் விட்டுத் துடைக்கச் சொன்னார்.

துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருந்துத் தண்ணீர் வாடை அடித்தது, டி.வி.யில் என் வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெண் பயந்து எழுந்துபோனாள், சரி. ஒட்டாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய டாக்டர் தொடவில்லை. தொடாதவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவள் நான். அந்தக் கூடத்தில் அருவருக்கத்தக்கதாக ஏதாவது இருந்ததென்றால், அது அந்த மனிதரின் கையில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில், பஸ் நிறுத்தத்தில் நின்று என் சொந்த போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தையிலேயே அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது.

"அங்கன நின்னது நீதானா?"

"நான்தான் அண்ணாச்சி. எழுதினதும் நான்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி" என்றார். "ஒட்டாதுன்னு ஒரு வரி எழுதித் தர ஆளு எங்கயாவது இருக்கா? அதச் சொல்லு."

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வரச் சொன்னேன். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். நீண்ட வரிசை. உட்கார இடமில்லை. எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தூக்கமில்லாத கண். சிரிப்பெல்லாம் கிடையாது. அண்ணாச்சியின் கையைத் தன் கையில் எடுத்து, திருப்பி, விரல் இடுக்குகளை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே முதலில் கேட்டது, "என்ன வேல பாக்கிய?" என்பதுதான். அண்ணாச்சி தன் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

"அந்த வேலையில இருக்கிற வரைக்கும் எந்த மருந்துக்கும் முழுசாக் கேக்காது" என்றார் டாக்டரம்மா. சீட்டில் எழுதினார். இது தொழிலால் வந்த ஒவ்வாமை, பிறருக்குத் தொற்றாது. வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதமும் கொடுத்தார். அண்ணாச்சி முதல் வரியை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இவ்வளவுக்கும் உள்ளே எடுத்தது பத்து நிமிஷம்கூட இருக்காது.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். காரணத்தைச் சொன்னபோது மேனேஜர் சிரித்தார். "எங்க போனாலும் இதான் நடக்கு. நீ எங்க போய் வேல பாப்ப?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். இப்போது நான் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த மருத்துவமனை வண்ணார்பேட்டைப் பக்கம் இன்னொரு கிளை திறந்துவிட்டது. வாசலில் ஆள் உயரத்துக்கு நட்சத்திரங்கள். பஸ்ஸில் அந்த வழியே போகும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அண்ணாச்சி கடிதத்தை வைத்துக்கொண்டு கம்பெனியில் இரண்டு மாதம் நடையாய் நடந்து, சாமான் அறைக்கு மாற்றல் வாங்கினார். கை ஆறுவதற்கு முக்கால் வருஷம் ஆனது. எப்போதாவது போன் பண்ணுவார். போன வருஷம் கூப்பிட்டபோது தங்கச்சியின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்து முடிந்திருந்தது.

"இந்தத் தடவ என் மடியிலதான் தாயி" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக நடந்ததா என்று கேட்டேன்.

"நல்லா நடந்துட்டு. சாப்பாடெல்லாம் நல்லாருந்துச்சு." பிறகு குரல் தணிந்தது. "பிள்ளையத் தாரதுக்கு முன்ன தங்கச்சி என் கையத்தான் பாத்தா. இப்ப அதுல ஒண்ணும் இல்லல்லா, தழும்புகூட இல்ல. இருந்தும் பாத்தா."

"நீங்க என்ன செஞ்சிய அண்ணாச்சி?"

"என்ன செய்ய? திருப்பிக் காட்டுனேன். அந்தப் பக்கமும் பாத்துக்கிட்டா."