வெயிலில் இறங்கும் படங்கு

கொளுத்துகிற வெயிலில் நிவேதனா தன் ஓட்டோவின் மழைப்படங்கை இறக்கிக்கொண்டிருக்கிறாள். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. இரண்டு பக்கமும் இறக்கிக் கொக்கி மாட்டி, முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் நடுவில் பழைய துவாய் ஒன்றைத் தொங்கவிட்டு, உள்ளே மறைந்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும். கொர்ர்... கொர்ர்... பிறகு ஒரு மூச்சு விட்டு மறுபடியும் கொர்ர்...

தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக்கு வருகிற சனத்தை நம்பி நிற்கும் அந்த ஓட்டோத் தரிப்பிடத்தில் அவள் ஒருத்திதான் பெண். சுடிதாருக்கு மேலே கணவனின் முழுக்கைச் சேர்ட், காலில் மேஸ் காலுறையும் செருப்பும், நெற்றியில் வியர்வையோடு இறங்கி வருகிற திருநீறு. கோர்ன் அடிக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. தலையை வெளியே நீட்டிக் கூப்பிடுவாள். "எணை ஆச்சி, கரையாலை போணை!" றோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கும் இதே மரியாதைதான். பிள்ளைத்தாச்சிகள் அவளைத் தேடிப்பிடித்து ஏறுவார்கள். "றோட்டிலை கிடங்கு வருது, வயித்தைப் பிடியுங்கோ" என்று முன்கூட்டியே சொல்லி ஓட்டுகிற சாரதி வேறு எங்கே கிடைப்பார்?

அவளுக்கும் ஆறு மாதத்தில் ஒரு மகள் இருக்கிறாள், புத்தூரில், மாமி குணலட்சுமியின் மடியில். கணவன் கட்டாரில் வெல்டிங் வேலை. தாய்ப்பாலைப் போத்தலில் கொடுத்தால் சப்புக்கொட்டிக் குடிக்கிற அந்தச் சின்னவள், பால்மாவைக் கரைத்துக் கொண்டுபோனால் வாயைப் பூட்டிப்போடுவாள். "தேப்பன்ரை வீம்பு, அப்பிடியே வந்திருக்கு" என்பாள் நிவேதனா. கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பால் எடுக்கும் மெசின் ஒன்று இருக்கிறது. ஓட்டோவில் போனுக்குச் சார்ச் ஏற்றுகிற இடத்திலேயே அதன் வயரையும் செருகிவிடுவாள். எடுத்த பால், சீற்றுக்குப் பின்னால் ஐஸ் போட்ட, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் போய்விடும்.

இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது மாமியின் கட்டளை. "பிள்ளை, ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண்ணூறு பட்டா பால் வத்திப்போம்." பின்னேரம் பெட்டியை வாங்கும்போதும் சேலைத் தலைப்பால் மூடித்தான் அடுப்படிக் குசினிக்குள் கொண்டுபோவா. மூடியின்மேல் ஒரு செத்தல் மிளகாய் வேறு காவல் இருக்கும். நிவேதனாவுக்கு இதிலெல்லாம் அரைவாசி நம்பிக்கைதான். ஆனால் பயப்படுவதற்கு அரைவாசி தாராளமாகப் போதும். ஆகவே, படங்குக்குள் என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் அவளுடைய பதில் ஒன்றுதான். "சாப்பிடுறன்."

நாளுக்கு மூன்று தரம் படங்கை இறக்கிச் சாப்பிட்டும் ஈர்க்கில் மாதிரி இருக்கிற பெண்ணைப் பற்றி ஆண்கள் என்ன நினைப்பார்கள்? தரிப்பிடத்தின் தலைவர் சோமசேகரம் சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்லக்கூடியவர் என்று பெயரெடுத்தவர், அந்தப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டவரும்கூட. ஒருநாள் ஸ்பானரும் கையுமாக வந்துவிட்டார்.

"தங்கச்சி, வண்டி நிண்டாப் பிறகும் சத்தம் வருது. பெயாரிங் போகப்போகுது. பின்பக்கத்தைத் திறக்கிறன், பாப்பம்."

"ஐயோ அண்ணை, கையை வையாதேங்கோ! வண்டிக்கு ஒண்டுமில்லை!"

"அப்ப உதென்ன சத்தம்?"

"போன் சார்ச் ஏறுது!"

இப்படிக் குறட்டை விடுகிற போனைத் தன் வாழ்நாளிலேயே கண்டதில்லை என்று முணுமுணுத்தபடி அவர் திரும்பிப் போனார்.

பகிடி ஒரு பக்கம் இருக்க, சோலி இன்னொரு பக்கமாக வந்தது. முறை வருகிற நேரத்தில் சாரதி ஆயத்தமாக இல்லாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நிவேதனாவுக்காக முதலில் கொஞ்சம் பொறுத்தார்கள். பிறகு, வழமையாக அவளுக்குப் பின்னால் நிற்கிற றோய் வாய் திறந்தான். "இவ திண்டு முடியுமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே." அவன் சொன்னதில் பிழையும் இல்லை. நல்ல சவாரி ஹயர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

சரி, உழைப்பைப் பார்ப்போம் என்று அவள் இரண்டு நாள் படங்கை இறக்காமலே ஓடினாள். மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மெசினைப் போட்டால் போத்தலின் அடி நனைந்ததோடு சரி. அன்றிரவு பிள்ளை பசியில் கத்தியது. பக்கத்தில் இருந்து இவளும் வாய்விட்டு அழுதாள்.

விடிந்ததும் தரிப்பிடத்துக்கு வந்து, வண்டியை விட்டிறங்கி, எல்லோரையும் கூப்பிட்டாள்.

"அண்ணையவை, நான் சாப்பிடேல்லை. பிள்ளைக்குப் பால் எடுக்கிறன். அதை விட்டா பால் நிண்டுபோம், என்ரை பிள்ளை வேறை ஒண்டும் குடியாள். எனக்கு அந்த நேரமும் வேணும், முறையும் வேணும். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, வேறை இடம் பாக்கிறன்."

ஒருவர் தன் செருப்பைப் புதிதாக வாங்கியவர்போல ஆராய்ந்தார். இன்னொருவர் அடிக்காத போனைக் காதில் வைத்து, "ஓம், ஓம்" என்றபடி விலகினார். சோமசேகரத்துக்குத்தான் மெல்ல மெல்ல விளங்கியது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மாளாச்சி! நான் ஸ்பானரோடையெல்லோ வந்தனான்!"

முதலில் சிரித்தது நிவேதனாதான். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சோமசேகரம் தொண்டையைச் செருமித் தலைவராகிக்கொண்டார். "இஞ்சை பாருங்கோ, படங்கு கீழை கிடந்தா அவவின்ரை முறை அப்பிடியே நிக்கும். ஆருக்கும் கேள்வி இருக்கோ?" றோய் வண்டியை ஸ்ராட் செய்துகொண்டு போய்விட்டான்.

விசயம் தெரிந்த மாமி தலையில் அடித்துக்கொண்டா. "அத்தினை ஆம்பிளையளுக்கும் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியே!" உப்பும் மிளகாயும் எடுத்து மருமகளுக்குச் சுற்றி, பேத்திக்குச் சுற்றி, முற்றத்தில் நின்ற ஓட்டோவையும் மூன்று தரம் சுற்றி வந்து அடுப்பில் போட்டா. வீடு முழுக்க இருமியது. கண்ணூறு வந்ததோ போனதோ தெரியாது, நேரத்துக்கு நேரம் எடுக்க எடுக்கப் பால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

போன கிழமை ஒருநாள் மத்தியானம். நிவேதனாவின் வண்டி முதலாவதாக நிற்கிறது, படங்கு இறங்கியிருக்கிறது. அடுத்தது றோய். பெரிய பெட்டியோடு வந்த ஒரு ஐயா நேராக அவனிடம் போனார்.

"தம்பி, பருத்தித்துறைக்குப் போகவேணும்."

தூரத்து ஹயர். அப்படி ஒன்று தினமும் வாய்க்காது. மற்றவர்கள் கதையை நிறுத்திவிட்டு றோயையே பார்த்தார்கள். அவன் பெட்டியைப் பார்த்தான், படங்கைப் பார்த்தான், பிடரியைச் சொறிந்தான்.

"என்ரை முறை இல்லை, ஐயா. முன்னுக்கு நிக்கிற வண்டி."

"அதிலை ஆளையே காணேல்லையே?"

"ஆள் இருக்கிறா. வேலையிலை நிக்கிறா."

ஐயா மணிக்கூட்டைப் பார்த்து, "எவ்வளவு நேரம் செல்லும்?" என்று சத்தமாகவே கேட்டார். றோய் படங்குப் பக்கம் திரும்பினான். அப்போது படங்கின் ஓரம் விலகி, காப்புப் போட்ட கை ஒன்று வெளியே நீண்டு, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டியது. கை உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அதில் ஒரு விரல் மடங்கியது.