பிளேடு மூடியும் மஞ்ச சாவியும்

எனக்குக் கோவம் வந்தா வாய் முன்னாடி போவும், நான் பின்னாடி போவேன்னு என் தம்பி சொல்வான். சொல்லிட்டுப் போவட்டும். எங்க பட்டறைக்குப் புது மிஷின் வந்ததுலேர்ந்து நான் பட்ட கோவத்தை வேற பொம்பளை பட்டிருந்தா ஷெட்டையே கொளுத்திட்டுப் போயிருப்பா.

பட்டறைன்னா பெருசா நெனைச்சிக்காதீங்க. கும்மிடிப்பூண்டிக்கு இந்தாண்ட, கவரைப்பேட்டையிலேர்ந்து உள்ள வர்ற ரோட்டுல, எங்க ஊட்டுக்குப் பின்னாடி ஒரு தகர ஷெட்டு. என் ஊட்டுக்காரரு, என் தம்பி, நான். அவ்ளோதான் ஆளு. புதுசா எழும்புற பிளாட்டுங்களுக்கு கிச்சன் கபோர்டு செய்யறோம், கம்பெனிங்க கேட்டா மிஷின் சாமான் அனுப்பற மரப்பெட்டியும் அடிச்சிக் குடுக்கறோம். எங்க அப்பா அம்மா அடுத்தவங்க கழனியில நாத்து நட்டவங்க. எங்களுக்குன்னு ஒரு ஷெட்டு, ஒரு கரண்டு மீட்டர்னு வந்ததே எங்க தலைமுறையிலதான். மைக்கா ஒட்டறது, பலகை ஓரத்துக்கு டேப்பு ஒட்டறது, பார்ட்டி கிட்ட அளவு பேசறது எல்லாம் நான். ஆனா பட்டறைக்கு இன்னா வாங்கலாம்னு பேச்சு வந்தா மட்டும் என்னை ஒரு ஆளா மதிக்க மாட்டாங்க.

சாயங்காலம் டீ டம்ளரோட மாமனும் மச்சானும் போனை நடுவுல வெச்சிக்கினு உக்காந்துடுவாங்க. எவனோ வெளிநாட்டுக்காரன் பட்டறை வீடியோ. அவன் தரையில ஒரு மரத்தூள் கெடையாது. செவுத்துல மிஷினுங்களை நகைக்கடை மாதிரி வரிசையா மாட்டி வெச்சிருப்பான்.

"மச்சான், இந்த ரவுட்டரைப் பாரேன். பலகை ஓரத்தைச் செதுக்கிக்கினு வெண்ணெய்யில போற மாதிரி போவுது."

"மாமா, நமக்கு மொதல்ல ஆணி கன்னுதான் வேணும். டப்பு டப்புன்னு அடிச்சிட்டுப் போயிக்கினே இருக்கலாம்."

"லேசர் இன்னாத்துக்கு இருக்குது? செவுத்துல கோடு தானா வுழும்டா!"

தூசியை உறிஞ்சற குழாய், பேட்டரி ட்ரில்லு, பலகையைக் கடிச்சிப் புடிக்கிற கிளாம்பு. நாளுக்கு ஒரு ஆசை. ஆசைப்படறதுல தப்பே இல்ல. மரத்தோட மாரடிக்கிறவன் நல்ல சாமானுக்கு ஆசைப்படலேன்னா வேற எதுக்கு ஆசைப்படுவான்? ஆனா இவங்க கண்ணு வானத்துல இருந்துச்சு, கை எங்க இருந்துச்சுன்றதுதான் என் வவுத்தெரிச்சல்.

நாங்க பலகை அறுத்த லட்சணத்தைச் சொல்றேன். டைல்ஸ் அறுக்கிற கை கட்டர் ஒண்ணு. அத்தத் தலைகீழா கவுத்து, ஒரு ப்ளைவுட்டுக்கு அடியில போல்ட்டு போட்டு முடுக்கிடறது. ப்ளைவுட்டுல ஒரு கீறல் வெட்டி வுட்டா பிளேடு மேல எட்டிப் பாக்கும். சுவிட்சு வுடாம அழுந்தியே இருக்கணும்னு சைக்கிள் ட்யூபால இறுக்கிக் கட்டிடுவாங்க. நிறுத்தணும்னா பிளக்கைப் புடுங்கணும். இங்கேர்ந்து ஊத்துக்கோட்டை வரைக்கும் பாதிப் பட்டறையில இதான் மிஷினு. கேட்டா, "எத்தினி வருஷமா ஓட்டறோம், ஒண்ணும் ஆவல"ம்பாங்க. ஆவற வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான்.

எங்களுக்கு ஆயிடுச்சு. என் தம்பிக்கு. சோத்துக் கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போச்சு. பிளக்கைப் புடுங்க நான் ஓடினேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல அந்த நாளைப் பத்திப் பேச எனக்கு இஷ்டம் இல்ல.

ஆறி வந்தப்புறம் அவன் வேலைக்கு வந்துட்டான். அந்தக் கையை மட்டும் பேன்ட்டு பாக்கெட்டுல வெச்சிக்கினான். ஸ்பூனால இடது கையில சாப்புட்டான், இடது கையாலயே குடுத்தான், வாங்கினான். ஒரு பிளாட்டுல வேலை முடிச்சி கபோர்டு சாவியை அந்த ஊட்டம்மா கிட்ட நீட்டறான், "இன்னாப்பா, புது ஊட்டுக் கபோர்டு சாவியை இடது கையால குடுக்கறே?"ன்னுது அந்தம்மா. இவன் ஒண்ணும் பேசல. நான் பேசினேன். அந்தப் பார்ட்டி அப்புறம் எங்களைக் கூப்புடவே இல்ல. போனாப் போவட்டும்.

அன்னிக்கு ஊட்டுக்கு வந்து நின்னேன் பாருங்க. "யோவ், உங்க ரவுட்டரும் வேணாம், லேசரும் வேணாம். மொதல்ல பலகை அறுக்க ஒழுங்கான டேபிள் சா ஒண்ணு இந்த ஷெட்டுக்குள்ள வரணும். பிளேடு மேல மூடியோட. அது வர்ற வரைக்கும் பெரியபாளையத்தம்மா சத்தியமா நான் ஒரு மைக்கா ஒட்ட மாட்டேன்"னேன். ஒட்டவும் இல்ல. பலகைங்க மொட்டையா நின்னுச்சுங்க. ஆயுத பூசைக்கு முன்னாடி ரெண்டு பேரும் பாரிமுனைக்குப் போயி மிஷினைத் தூக்கிக்கினு வந்தாங்க.

நல்ல மிஷினுதான், பொய் சொல்லக் கூடாது. சுவிட்சுல ஒரு மஞ்ச சாவி. அத்த உருவிட்டா எவன் தட்டினாலும் ஓடாது. பிளேடு மேல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக்கு மூடி. கை பிளேடு கிட்டப் போவாம அது தடுக்கும். மூடியோட சேர்ந்தே பின்னாடி ஒரு இரும்புத் தகடு. அறுந்த பலகை பிளேடை இறுக்கிப் புடிச்சி நம்ம மேலயே எகிறி வராம அது பாத்துக்கும். நான் அந்த மூடியைத்தான் மொதல்ல தொட்டுப் பாத்தேன்.

ஆயுத பூசை அன்னிக்கு ஷெட்டைக் கழுவி, எல்லா சாமானுக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சி, பொரி கடலை பரப்பி முடிச்சிட்டுப் பாக்கறேன், என் ஊட்டுக்காரரு அந்த மூடியைக் கழட்டிக்கினு இருக்காரு.

"இன்னாய்யா பண்றே?"

"இன்னாமே, பிளேடுக்குப் பொட்டு வெக்க வேணாமா? உழைக்கிறது பிளேடு. மூடிக்கா பொட்டு வெப்பாங்க?"

"தூக்கிப் புடிச்சிக்கினு வெச்சிட்டு வுடேன்."

"போட்டோ எடுக்கணும்மே. பிளேடு தெரிஞ்சாதான் கெத்து."

பிளேடுக்குச் சந்தனம், குங்குமம், பூ. போட்டோ. கழட்டின மூடி? பின்னாடித் தகடோட மறுபடி அது வந்த பொட்டிக்குள்ள, தெர்மாகோலுக்கு நடுவுல போயிடுச்சு. பொட்டி சாமி படத்துக்குப் பக்கத்துல பலகை மேல ஏறிடுச்சு. டி.வி. ரிமோட்டுக்குக் கவர் போட்டு, பட்டன் எழுத்து தேஞ்சும் கவரைக் கழட்டாத ஆளு அவரு. வண்டி சீட்டுக்குக் கம்பெனி பாலிதீன் கிழியற வரைக்கும் வுட மாட்டாரு. "நல்ல பிளாஸ்டிக்கு, கீறல் வுழுந்துடும். அதுவும் இல்லாம, காடி எடுக்கும்போது கழட்டணும், முடிச்சிட்டு மாட்டணும், தினம் யாரு இந்தப் பேஜாரு புடிச்ச வேலையைச் செய்யறது?"ன்னாரு. காடின்னா பலகையில சொருவறதுக்கு எடுக்கிற பள்ளம். அதுக்குக் கழட்டித்தான் ஆவணும், வாஸ்தவம். ஆனா நாளெல்லாமா காடி எடுக்கிறீங்க?

விரலைக் காப்பாத்த வாங்கின சாமானைக் கீறாம காப்பாத்தறாரு! எனக்குக் கொதிச்சுது. அதையாவது பொறுத்துக்குவேன். விரலைக் குடுத்தவன் இருக்கானே, என் தம்பி, அவனும் அவரு பக்கமே பேசினான்.

"அது இருந்தா கோடு தெரியலக்கா."

"கண்ணாடி மாதிரி இருக்குதுடா!"

"தூசி படிஞ்சிடுது. வுடு, நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கினியே, அன்னிக்கு!"

அவன் தலையைக் குனிஞ்சிக்கினு போயிட்டான். நான் வுடல. காலையில நாஷ்டா வெக்கும்போது திட்டினேன், டேப்பு ஒட்டிக்கினே திட்டினேன். மிச்சம் இருக்கிற விரலாவது இருக்கணும்னு திட்டினேன். மாமனும் மச்சானும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கினு சிரிப்பாங்க. எனக்கு ரெண்டு பேரையும் அறையணும் போல இருக்கும்.

பொங்கல் கழிஞ்சி, திருவள்ளூர்ல ஒரு பெரிய ஊட்டு வேலை. என் ஊட்டுக்காரரு அங்க கபோர்டு மாட்டறதுக்குப் போயிட்டாரு. தம்பி இங்க அறுத்துக்கினு இருந்தான். நான் பத்தடி தள்ளி டேப்பு ஒட்டிக்கினு இருந்தேன். திடீர்னு பிளேடு பலகையைக் கவ்விக்கினு ஒரு சத்தம். அந்தத் துண்டு அவன் காதோரமா பறந்து போயி தகரத்துல மோதுச்சு. ஷெட்டே அதிர்ந்துச்சு. தகரம் உள்வாங்கிடுச்சு. இன்னும் நாலு விரக்கட இந்தப் பக்கம் வந்திருந்தா அவன் மூஞ்சி.

அவன் வெளுத்துப் போயி நின்னான். நான் போயி சுவிட்சை அமுக்கினேன். மஞ்ச சாவியை உருவினேன். என் தாலியில இருந்த ஊக்குல அத்தக் கோத்துக்கினேன்.

"மூடியை மாட்டு. மாட்டிட்டு வந்து சாவியை வாங்கிக்கோ."

"அக்கா, மாமா அங்க பலகைக்கு நிக்கறாரு..."

"நிக்கட்டும். வேரு வுடட்டும்!"

ஊட்டுக்கு வந்துட்டேன். போன் அடிச்சுது. "இன்னாமே, வெளையாடறியா? பார்ட்டி கத்தறான்"னாரு. "பார்ட்டியை எனக்கு போன் பண்ணச் சொல்லு, நானும் கத்தறேன்"னு வெச்சிட்டேன். கொஞ்ச நேரம் பாத்தேன், தம்பி வரல. எனக்குக் கோவம் இன்னும் ஏறிச்சு. ஒரு மூடியை மாட்ட இவ்ளோ நேரமா, இவ்ளோ ரோஷமா இவனுக்குன்னு, திட்ட வார்த்தையை ரெடி பண்ணிக்கினே ஷெட்டுக்குப் போனேன்.

வாசல்லயே நின்னுட்டேன்.

பொட்டி பிரிச்சிக் கெடந்துச்சு. அவன் மிஷினுக்குப் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்துக்கினு இருந்தான். அந்த மூடியை ஒரு கையால தூக்கிச் சரியான எடத்துல புடிச்சிக்கணும், இன்னொரு கையால கொட்டைப்பாக்கு அளவு இருக்கிற ஒரு திருகை உள்ள வுட்டுத் திருகணும். இடது கையால மூடியைப் புடிச்சிக்கினு, சோத்துக் கையில மிச்சம் இருக்கிற மூணு விரலால திருகைப் புடிக்கிறான். நழுவுது. கையை மாத்திக்கறான், இப்ப மூடி நழுவுது. திருகு கீழ வுழுந்து மரத்தூளுக்குள்ள போயிடுது. தேடி எடுத்துப் பல்லால கடிச்சிக்கினு, குனிஞ்சி, பல்லாலயே திருகப் பாக்கறான். மறுபடி வுழுது. அவன் ஒரு வார்த்தை திட்டல, ஒரு சத்தம் போடல. மறுபடி தேடறான்.

"டேய்"னேன்.

கையைப் பாக்கெட்டுக்குள்ள வுட்டுக்கினான்.

"கோடு தெரியலன்னியேடா?"

"வேற இன்னா சொல்லச் சொல்றே?"ன்னான். அவன் கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல. அன்னிக்குப் பாத்தேன். "தினம் மாமாவைக் கூப்புட்டு, இத்த மாட்டி வுடுன்னு கேக்கணுமா? ஸ்கூலு போற புள்ளைக்குப் பட்டன் போட்டு வுடற மாதிரி? அப்புறம் என்னை எவன் ஆசாரின்னு சொல்வான்?"

நான் அழுவல. அழுதா அவனுக்குப் புடிக்காது. "வாய் இல்லியாடா உனக்கு?"ன்னு மட்டும் கத்தினேன். திருகை எடுத்து நானே மாட்டப் போனேன். வேணாம்னு தோணுச்சு. அத்த முந்தானையில முடிஞ்சிக்கினேன்.

என் ஊட்டுக்காரரு பொழுது சாயறப்ப மூஞ்சைத் தூக்கிக்கினு வந்தாரு. வந்தவரைப் பேச வுடல. பலகை ஓரத்துக்கு ஒட்டற டேப்பை எடுத்தேன். அவரு சோத்துக் கையை இழுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் உள்ளங்கையோட மடக்கி, சுத்தி இறுக்கி ஒட்டினேன்.

"இன்னாமே இது, கூத்து?"

"மூடியை மாட்டுய்யா."

சிரிச்சாரு. தம்பி, "வுடுக்கா, வேணாம்"னான். நான் வுடல. மூடியைத் தூக்கினாரு, நான் முந்தானையிலேர்ந்து அவுத்துக் குடுத்த திருகை எடுத்தாரு. வுழுந்துச்சு. சிரிச்சிக்கினே தேடி எடுத்தாரு. மறுபடி வுழுந்துச்சு. கையை மாத்தினாரு, மூடி அவரு கால் மேலயே வுழுந்துச்சு. அதுக்கப்புறம் சிரிக்கல. திரும்பித் தம்பியைப் பாத்தாரு. அவன் தகரத்துல இருந்த பள்ளத்தைப் பாத்துக்கினு நின்னான்.

"இந்தத் திருகைச் செஞ்சவன் விரல் இருக்கிறவன்யா"னேன். "விரல் இல்லாதவன் பட்டறையில ஒருத்தன் இருப்பான்னு அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது? நாளெல்லாம் பக்கத்துல நிக்கிறியே! எவனோ வெளிநாட்டுக்காரன் மிஷினை அக்கு அக்கா பாக்கத் தெரியுது, மச்சான் கையைப் பாக்கத் தெரியல?"

டேப்பைப் பல்லால கடிச்சிப் பிரிச்சாரு. திருகை எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினாரு.

மறுநாள் காலையில நாஷ்டா கூட சாப்புடாம வண்டியை எடுத்துக்கினு சிப்காட் ரோட்டுல இருக்கிற லேத்து பட்டறைக்குப் போனாரு. வரும்போது அந்தத் திருகு தலையில ஒரு சாண் இரும்புக் கம்பி குறுக்கால பத்த வெச்சிருந்துச்சு. மூடி நழுவாம தானா உக்கார்றதுக்கு அடியில ஒரு ஆப்பு மாதிரி தகடும் அடிச்சிக்கினு வந்திருந்தாரு. எங்க பட்டறையில அதுவரைக்கும் வந்த சாமான்லயே அதான் அசிங்கமான சாமான். வெல்டிங் கட்டி கட்டியா இருந்துச்சு.

அத்தத் தம்பி பக்கத்துல வெச்சிட்டு, பிளைவுட்டு எறக்கப் போயிட்டாரு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. நின்னு வேடிக்கை பாத்திருந்தா அதுக்கும் திட்டியிருப்பேன்.

நான் டேப்பு ஒட்டற மாதிரி குனிஞ்சிக்கினேன். தம்பி மூடியை அந்த ஆப்புத் தகட்டு மேல உக்கார வெச்சான். திருகை ஓட்டையில வெச்சான். உள்ளங்கையால அந்தக் கம்பியைத் தள்ளினான். சுத்துச்சு. இன்னொரு தள்ளு. இறுகிடுச்சு. மூடியைப் புடிச்சி ஆட்டிப் பாத்தான், ஆடல. கழட்டினான். மறுபடி அவனே மாட்டினான்.

அப்புறம் என் முன்னாடி வந்து நின்னான்.

"அக்கா, சாவி குடு."

நிமிந்து பாத்தேன். நீட்டிக்கினு இருந்தது சோத்துக் கை. மூணு விரலோட, நல்லா விரிச்சி, யாரு பாத்தா இன்னான்ற மாதிரி நீட்டிக்கினு இருந்தான். ஊக்கைக் கழட்டி மஞ்ச சாவியை அந்த உள்ளங்கையில வெச்சேன். "இத்த அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?"ன்னு திட்டிக்கினேதான் வெச்சேன்.